வலை பொத்தும் கையும் வானொலி கேட்கும் காதும்

உங்கள் ஊர்த் தையற்கடை ஒன்றின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சுவரில் அடித்த பலகையின் மேல் ஒரு வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். இப்போது பெட்டி இருந்த இடத்தில் கைபேசி இருக்கலாம்; பாட்டு மட்டும் நின்றபாடில்லை. பழைய சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்து விரிப்புச் செய்யும் பாட்டிமாரும் இப்படித்தான். பாட்டு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதையாவது வேண்டும். மௌனமாக இருந்து தைப்பவரைக் காண்பது அரிது.

தைக்கிறவர்களுக்கு ஏன் காதுக்கும் ஒரு வேலை வேண்டியிருக்கிறது? அப்படிக் கேட்டுக்கொண்டே தைத்தால் வேலை கெடாதா? படிக்கும்போது பாட்டுப் போடாதே என்று உங்களை அதட்டும் அப்பா, தையற்காரரை மட்டும் ஏன் அதட்டுவதில்லை?

இதை ஆராய நாம் பாம்பன் கடற்கரைக்குப் போவோம். அங்கே நடப்பதும் தையல்தான். ஆனால் துணி நூறு அடி நீளம் இருக்கும். முழுவதும் ஓட்டையாகவும் இருக்கும்!

ஆம், மீன்வலையைத்தான் சொல்கிறேன். பாறையில் சிக்கியும், பெரிய மீன் அறுத்தும், நண்டு கடித்தும் வலை கிழிந்துகொண்டே இருக்கும். கிழிந்த இடத்தை நூலும் ஊசியும் கொண்டு சரிசெய்வதை ‘வலை பொத்துதல்’ என்கிறார்கள். கிழக்குக் கரையில் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதமும் இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் எங்கு பார்த்தாலும் வலை விரித்திருக்கும். நிழல் கிடைக்கும் இடமெல்லாம் ஆட்கள் அமர்ந்து பொத்திக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் ஏதோ ஒன்று பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம், “வானொலி கேட்டுக்கொண்டே பொத்தினால் முடிச்சுத் தப்பிப் போகாதா, ஐயா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கேக்குறது காது, பொத்துறது கை. ரெண்டுக்கும் என்ன தம்பி சண்டை?” என்றார்.

அழகான விடை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

கை என்ன செய்கிறது?

முதலில் வேலையைச் சரியாகப் பார்த்துவிடுவோம். வலை ஊசி நம் வீட்டு ஊசியைப் போன்றதன்று. அது ஒரு சாண் நீளமுள்ள தட்டையான பட்டை. மூங்கிலிலோ மரத்திலோ செய்வார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் நடுவில் ஒரு நாக்கு இருக்கும். அந்த நாக்கில் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டால், ஊசியே நூற்கண்டும் ஆகிவிடும்.

மேலே உள்ள கண்ணியின் வளைவுக்குள் ஊசியை விட்டு, வளைவின் பின்புறமாகச் சுற்றி, தன் நூலுக்கு அடியிலேயே இழுத்து இறுக்க வேண்டும். ஒரு முடிச்சு ஆயிற்று. தறியில் அறுந்த இழையை நெசவாளர் இணைப்பதும் அடிப்படையில் இதே முடிச்சுத்தான்! பருத்தி நூலுக்கு ஒரு சுற்றுப் போதும். 1960களில் நம் கரைகளில் பரவிய நைலான் நூல் வழவழப்பானது. ஒரு சுற்று நழுவிவிடும். ஆகவே இன்னொரு சுற்றும் போடுகிறார்கள்.

நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல்கள் புறப்படும். வலை கிழிந்தால் சில முடிச்சுகளில் மூன்று நூல்தான் மிஞ்சும், சிலவற்றில் இரண்டு. பொத்துகிறவர் முதலில் கத்தியை எடுத்து, கிழிசலை இன்னும் பெரிதாக வெட்டுவார்! பார்க்கிற நமக்குப் பதறும். ஆனால் அவர் கண் எண்ணிக்கொண்டிருக்கிறது. மூன்று நூல் உள்ள ஒரு முடிச்சில் தொடங்க வேண்டும். மூன்று நூல் உள்ள இன்னொரு முடிச்சில் முடிய வேண்டும். இடையில் உள்ளவை எல்லாம் இரட்டை நூலாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே நூலால், அறுக்காமல், எல்லாக் கண்ணிகளையும் நிரப்பி வெளியே வர முடியும். கணக்குத் தவறினால் கடைசியில் ஒரு நூல் அநாதையாகத் தொங்கும். கண்ணி சிறுத்தால் அந்த இடத்தில் வலை சுருங்கும். பெருத்தால் மீன் தப்பும்.

ஆகவே இந்த வேலையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, எங்கே வெட்டுவது, எங்கே தொடங்குவது என்று யோசிப்பது. மற்றது, தொடங்கியபின் முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் அந்தப் பெரியவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். முடிச்சுகள் ஓடிக்கொண்டிருந்தவரை அவர் வானொலிப் பேச்சுக்குச் சிரித்தார். இடையிடையே எதிர்வாதமும் செய்தார். ஒரு பெரிய கிழிசல் வந்தது. கத்தியை எடுத்தார். முகம் மாறியது. சில நிமிடங்கள் கழித்துப் பக்கத்தில் இருந்தவரிடம், “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்டார். வானொலி நிற்கவில்லை. அவர் காதும் மூடவில்லை. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களும் அவருக்குக் கேட்கவில்லை!

எனவே கேட்பது காது மட்டுமன்று. பொத்துவதும் கை மட்டுமன்று. இரண்டையும் செய்வது மூளை. அதன் கவனம் அளவுக்கு உட்பட்டது.

பழகிய கை

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே விழுந்திருப்பீர்கள். இன்று நண்பனோடு கதை பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். கால் மாறவில்லை, சைக்கிளும் மாறவில்லை. மாறியது மூளையில் வேலை நடக்கும் விதம்.

ஒரு செயலைப் புதிதாகக் கற்கும்போது பெருமூளையின் முன்பகுதி ஒவ்வோர் அசைவையும் மேற்பார்வை செய்கிறது. ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்தபின், சிறுமூளையும், பெருமூளையின் அடியாழத்தில் உள்ள சில நரம்பணுத் திரள்களும் அந்த அசைவுத் தொடரை ஏற்றுக்கொள்கின்றன. முன்பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது. பிழை நேர்ந்தால் மட்டும் அதற்குத் தகவல் போகும். வலை பொத்துகிறவருக்கு அந்தத் தகவலைத் தருவது பெரும்பாலும் விரல்நுனி. முடிச்சு சரியாக இறுகினால் நூலில் ஒரு பிடிப்புத் தெரியும். நழுவினால் வேறு விதமாகத் தெரியும். விரலின் தோலில் நெருக்கமாக அமைந்துள்ள தொடு உணர்வு நரம்பு முனைகளே இந்தக் காவலர்கள்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆல்போர்ட் என்ற ஆங்கிலேய உளவியலாளரும் அவருடைய தோழர்களும் பியானோ வாசிக்கத் தேர்ந்த மாணவர்களை அமர்த்தினார்கள். முன்பின் பார்த்திராத இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வேண்டும். அதே நேரத்தில் காதில் ஒலிக்கும் உரைநடையை உடனுக்குடன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். முடியவே முடியாது என்றுதானே நினைப்பீர்கள்? சிறிது பயிற்சிக்குப் பின் அவர்கள் இரண்டையும் செய்தார்கள். ஒன்று மற்றொன்றைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. இசைக்குறிப்பு கண்ணிலிருந்து கைக்குப் போனது. பேச்சு காதிலிருந்து வாய்க்குப் போனது. இரண்டு தெருக்கள், இரண்டு வண்டிகள். மோதல் இல்லை.

இரண்டும் ஒரே தெருவில் வந்தால்தான் தொல்லை. இதுவே அந்தப் பெரியவர் சொன்னதன் மீதிப் பாதி.

கண் ஏன் உதவாது?

‘பாட்டுக் கேட்கலாம் என்றால், படமும் பார்க்கலாமே?’ என்று ஒருவர் கேட்கலாம். கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் கண் மிகத் தெளிவாகக் காணும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்! விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில் மட்டுமே நுண்ணிய பார்வைக்கான உணரிகள் நெருக்கமாக உள்ளன. மற்ற இடமெல்லாம் மங்கல்தான். நாம் கண்ணை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பதால் அந்த மங்கல் நமக்குத் தெரிவதில்லை.

அந்த நகத்தளவுப் பார்வையை வலைக்கண்ணியில் வைத்தால் திரையில் வைக்க முடியாது. திரையில் வைத்தால் கண்ணியில் வைக்க முடியாது. காதுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்னே ஒலித்தாலும் பின்னே ஒலித்தாலும், குனிந்திருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் அது கேட்கும். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அம்மா தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே பூ கட்டுகிறாரே என்பீர்கள். நன்றாகக் கவனியுங்கள், அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார்! தொடரில் வருபவர்கள் தாம் செய்யப்போவதை எல்லாம் வாயால் சொல்லிவிடுகிறார்கள். யாராவது முறைக்கும் இடத்தில் பின்னணி இசை ‘திடும்’ என்று அதிர்ந்து, தலையை நிமிர்த்தச் சொல்கிறது. அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பூவுக்குப் போய்விடுகிறார். இந்தத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு உளவியல் தெரியுமோ தெரியாதோ, தங்கள் நேயர்களின் கை சும்மா இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

பாட்டா, பேச்சா?

இனி ஒரு நுட்பமான வினா. கை வேலைக்கு எது நல்ல துணை: தாளமுள்ள பாட்டா, கதையும் பேச்சுமா?

இதே கடற்கரையில் இரண்டு வகை வேலைக்கும் இரண்டு வகை ஒலி இருப்பதைக் காணலாம். கரைவலை இழுக்கும்போது பலர் இரு வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் அவர் பலம் வீண். அதற்காகப் பாடப்படுவதே ‘அம்பா’ப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, அந்த அடியின் அழுத்தத்தில் எல்லோரும் இழுப்பார்கள். இங்கே பாட்டு பொழுதுபோக்கன்று. அதுவும் ஒரு கருவி. மூளையில் ஒலியின் தாளத்தை அறியும் பகுதிகளும் உடலை அசைக்கும் பகுதிகளும் நெருங்கிய தொடர்புள்ளவை. மேளம் ஒலித்தால் நம் கால் தானே தாளம் போடுவது இதனால்தான்.

வலை பொத்துவது அப்படியன்று. அது தனித்தனி ஆளின் வேலை. ஒருவர் கண்ணி வேகமாகப் போகும். ஒருவருடையது சிக்கலில் நிற்கும். ஒரே தாளம் எல்லோர் கைக்கும் பொருந்தாது.

இதை இங்கிலாந்தில் வேறு வழியில் கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம், பி.பி.சி. வானொலி தொழிற்சாலைகளுக்கென ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாள்தோறும் இரண்டு வேளை, அரை மணி நேரம். தூங்க வைக்கும் மெல்லிசை கூடாது. மனத்தைப் பிடித்து இழுக்கும் பாடல் வரிகளும் கூடியவரை கூடாது. கைதட்டல் ஒலி வரும் ஒரு புகழ்பெற்ற பாட்டை விலக்கியே வைத்தார்கள். காரணம் வேடிக்கையானது. தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுத் தாளத்துக்கேற்பக் கருவிகளை இயந்திரங்களின் மேல் தட்டிவிடுவார்களாம்! அந்த நிகழ்ச்சி 1967 வரை நடந்தது.

பேச்சைத் துணையாகக் கொண்டவர்களும் உண்டு. கேரளத்தில் கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றும் தொழிலாளர்கள், தங்களில் ஒருவரைச் செய்தித்தாளும் புத்தகமும் உரக்கப் படிக்க வைத்தார்கள். அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கியூபாவில் இவ்வழக்கம் இன்னும் பழையது. 1865ஆம் ஆண்டு ஹவானா நகரின் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தொடங்கியது. படிப்பவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து சம்பளம் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பலர் அங்கே உலக இலக்கியம் கேட்டார்கள். கைக்குப் பழகிய வேலை, காதுக்குப் புதிய செய்தி: இந்தச் சேர்க்கை நன்றாக ஒத்துப்போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடல் கொண்டுவந்த பாட்டு

பாம்பன் கரையில் புத்தகம் படித்துக் காட்ட ஆள் வைக்கவில்லை. அங்கே அந்த வேலையைச் செய்தது கொழும்பு!

இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. எட்வர்டு ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர் அதன் மூலவர். ‘ரேடியோ சிலோன்’ என்று பெயர் பெற்ற அது, 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ ஆனது. நம் மக்கள் வாயில் மட்டும் அது கடைசிவரை ‘சிலோன் ரேடியோ’தான். 1952ஆம் ஆண்டு நம் நாட்டில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பவில்லை. அகில இந்திய வானொலியில் அவை மிகவும் குறைந்தன. பாட்டு வேண்டியவர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957இல் விவிதபாரதி தொடங்கிய பிறகும் தென் தமிழ்நாட்டில் கொழும்பின் செல்வாக்குக் குறையவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரலை முகம் தெரியாமலே இரண்டு தலைமுறை அறிந்து வைத்திருந்தது. ‘பாட்டுக்குப் பாட்டு’, ‘இசையும் கதையும்’ முதலிய நிகழ்ச்சிகள் கைவேலைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டவை போலிருந்தன: பார்க்க ஒன்றுமில்லை, கேட்க எல்லாம் இருந்தது.

அதுவும், 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலி மெல்ல மெல்ல நம் நாட்டுக்கும் வந்த பிறகு, பெட்டியை மணலுக்கே எடுத்துப்போக முடிந்தது. மின்சார இணைப்பு வேண்டாம். சில மின்கலங்கள் போதும்.

ஆனால் கொழும்பு இவ்வளவு தெளிவாக ஏன் கேட்டது? உங்கள் நிலப்பட நூலை எடுத்து, கொழும்பையும் இராமேஸ்வரத்தையும் அளவுகோலால் இணையுங்கள். ஏறக்குறைய 270 கிலோமீட்டர். சென்னைக்கோ நேர்க்கோட்டில் 430 கிலோமீட்டருக்கு மேல். தொலைவைவிட முக்கியமான ஒன்றும் அந்தக் கோட்டில் தெரியும். கொழும்பிலிருந்து வரும் கோடு கிட்டத்தட்ட முழுவதும் கடல்மேல் வருகிறது!

மத்திய அலை வானொலி அலைகளின் நீளம் சில நூறு மீட்டர். 1000 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். இவை பகலில் பெரும்பாலும் தரையை ஒட்டி, பூமியின் வளைவைத் தழுவிச் செல்கின்றன. செல்லும் வழியில் தரை அவற்றின் ஆற்றலை உறிஞ்சுகிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பரப்பில் இந்த இழப்புக் குறைவு. உப்பு நீர் நல்ல கடத்தி. காய்ந்த மணல் நிலத்தைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நிலத்தின்மேல் தேய்ந்துபோகும் அலை, கடலின்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. இரவானால் கேட்கவே வேண்டாம். வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும்.

மீன் கொடுத்த கடலே பாட்டும் கொடுத்தது என்று சொன்னால் கவிதை போலிருக்கும். ஆனால் இது பௌதிகம்.

காற்றைச் சொல்லும் குரல்

இந்தக் கரைக்கு வானொலி வெறும் பாட்டுப் பெட்டியன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு, புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து அங்கே சென்ற பயணிகள் ரயிலை அலை விழுங்கியது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஊரின் இடிந்த கோயிலையும் ரயில் நிலையத்தையும் இன்றும் பார்க்கலாம். கண்ணும் கையும் வலையில் கட்டுண்டு கிடக்கும் மனிதனிடம் காற்றைப் பற்றிய செய்தி வந்து சேரத் திறந்திருக்கும் வாயில் காது ஒன்றே.

பழைய மத்திய அலைப் பெட்டியில் இன்னொரு வசதியும் இருந்தது. மின்னல் ஒன்று வெட்டினால் அதிலிருந்து வானொலி அலைகளும் புறப்படும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் பெட்டியில் ‘படபட’ என்று ஒலிக்கும். வானம் வெளுத்திருந்தாலும், பெட்டி இரைந்தால் எங்கோ இடிமழை உண்டு என்று அறியலாம். இன்றைய பண்பலையில் இந்த இரைச்சல் இல்லை. மின்னல் கெடுப்பது அலையின் உயரத்தை. பண்பலையோ செய்தியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றி அனுப்புகிறது. பாட்டுக்கு நல்லது, மின்னல் அறியத்தான் உதவாது.

பாம்பனில் 2016ஆம் ஆண்டு ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே தொடங்கியது. அதன் அதிர்வெண் 90.4 மெகாஹெர்ட்ஸ். அப்படியானால் அலைநீளம் என்ன? 300ஐ 90.4ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 3.3 மீட்டர். இவ்வளவு குறுகிய அலை கடலின் வளைவைத் தழுவாது. ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே போகும். அடிவானத்துக்குக் கீழே இறங்கிய படகை அது எட்டுவது கடினம். இதனால்தான் பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் உயரமான கோபுரம் வேண்டும். 1995இல் இராமேஸ்வரத்தில் எழுப்பிய தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் வரும். கோபுர உச்சிக்கு 64 கிலோமீட்டர். கரையில் நிற்கும் உங்களுக்கு? நான்கரை கிலோமீட்டர்தான்!

சமுதாய வானொலிக்கு விதிப்படி 30 மீட்டர் உயரத்துக்கு மேல் கம்பம் கூடாது. எனவே அதன் குரல் ஆழ்கடல் போனவரைவிட, கரையில் அமர்ந்து வலை பொத்துகிறவரைத்தான் நன்றாக எட்டும். எனக்கு அதில் குறை தோன்றவில்லை. நாளை கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடம் கரைதானே?

அப்பா சொல்வது சரியா?

இனி உங்கள் வழக்குக்கு வருவோம். தையற்காரருக்கு வானொலி சரி. பாடப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் உங்களுக்கு?

நீங்கள் வாயை மூடிக்கொண்டு படித்தாலும், உள்ளே ஒரு குரல் ஓசையின்றிப் படித்துக்கொண்டே வருகிறது. இந்த வரியைப் படிக்கும்போதே அதைக் கவனிக்கலாம். இங்கிலாந்தின் பாட்லி, ஹிட்ச் என்ற இருவர் 1974ஆம் ஆண்டு இதைத் தற்காலிக நினைவின் ஒரு பகுதியாக விளக்கினார்கள். காதில் விழும் பேச்சும் இதே இடத்துக்குத்தான் நேராகப் போய்ச் சேர்கிறது. கேட்க விரும்பாவிட்டாலும் போகும். 1976இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எழுத்துகளை வரிசையாகப் பார்த்து நினைவில் வைக்க வேண்டிய மாணவர்களின் காதில், அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழிப் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். ஒரு சொல்லும் புரியாதபோதே பிழைகள் கூடின! புரிகிற தமிழ்ப் பாட்டு என்ன செய்யும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சொல் இல்லாத வாத்திய இசை இவ்வளவு கெடுப்பதில்லை.

ஆகவே அப்பா சொல்வது பாடம் படிப்பதற்குச் சரி. படம் வரைவதற்கும், நோட்டுக்கு அட்டை போடுவதற்கும் சரியன்று; அப்போது தாராளமாக வாதாடலாம். கணக்குக்கோ, கிழிசலை வெட்டும் பெரியவரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நம்பத்தான் வேண்டும் என்பதில்லை. சோதித்துப் பார்க்கலாம். நான்கு முழம் சணல் கயிறு அல்லது தடித்த நூல், கைக்கடிகாரம், ஒரு நண்பர் போதும். முதல் நாள் ஒரு மணி நேரமாவது எளிய முடிச்சு ஒன்றைப் போட்டுப் பழகுங்கள். பழகாத கையோடு தொடங்கினால் சோதனை பொய்த்துவிடும். மறுநாள் ஐந்து நிமிடம் மௌனமாக முடிச்சுப் போட்டு, எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் நண்பர் ஒரு கதையைப் படிக்க, கேட்டுக்கொண்டே போடுங்கள். அதற்கடுத்து, அவர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டட்டும், பார்த்துக்கொண்டே போடுங்கள். கடைசியாக, அவர் பெருக்கல் கணக்குகளைக் கேட்க, விடை சொல்லிக்கொண்டே போடுங்கள். கதையிலும் படங்களிலும் என்ன இருந்தது என்பதையும் பிறகு அவர் கேட்க வேண்டும். முடிச்சு கெடாமல் கதை மறந்துபோயிருந்தால் அதுவும் ஒரு விடைதானே. வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் கை வலிப்பதால் வந்த பிழையைக் கணக்கின்மேல் சுமத்திவிடுவீர்கள். வீட்டில் பூ கட்டுகிறவரோ ஓலை முடைகிறவரோ இருந்தால் அவரையும் ஒரு முறை உட்கார வையுங்கள். அவருடைய எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் எண்களை எழுதும்போது சற்று வெட்கமாக இருக்கும், எழுதத்தான் வேண்டும்.